டைட்டானியத் தட்டில் பதிந்த ஐந்து விரல்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு சொல்லச் சொன்னாலும் சொல்லலாம்; கற்பூரத்தை மட்டும் யாராவது வாங்கி வர வேண்டும். கூட்டியது எதுவும் இல்லை. குறைத்தது ஒன்றிரண்டு உண்டு, அதுவும் கேட்பவர்கள் நம்ப வேண்டுமே என்பதற்காக. பெயர்களைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் சம்பந்தப்பட்டவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

தென்காசியில் இலஞ்சி ரோட்டில் நயினாருக்கு ஒரு லேத் பட்டறை. இருபத்தாறு வருடமாக மோட்டார் சாப்டும் மாவுமில் உருளையும் கடைந்து கொடுக்கிறார். அவர் கடைந்த சாப்ட் ஆடுகிறது என்று இதுவரை ஒருவர்தான் வந்து சொன்னார். போய்ப் பார்த்ததில் சாப்ட் அப்படியே நின்றது, கட்டடம்தான் ஆடிக்கொண்டிருந்தது.

அந்தப் பட்டறைக்கு ஒரு நாள் முத்துசெல்வி வந்தாள். வீரகேரளம்புதூர்க்காரி. இயற்பியல் படித்து, பதினோரு வருடம் பனி பெய்யும் ஊர்களில் இருந்துவிட்டுத் திரும்பியவள். குற்றாலத்தில் மூடிக்கிடந்த ஒரு லாட்ஜின் கீழ்த்தளத்தைத் தன் நிறுவனத்துக்காக வாடகைக்கு எடுத்து ஓர் ஆய்வுக்கூடம் போட்டிருந்தாள். லாட்ஜின் பழைய பலகையை யாரும் கழற்றவில்லை. அதனால் குளிக்க வந்தவர்கள் கதவைத் தட்டி, "ரூம் காலியா இருக்கா?" என்று கேட்பார்கள். அவள் பொய் சொல்ல மாட்டாள். "இருக்கு. ஆனா உள்ள காத்துகூடக் கிடையாது" என்பாள். போய்விடுவார்கள்.

அவள் ஒரு படத்தை மேசையில் விரித்தாள்.

"ரெண்டு தட்டு வேணும் அண்ணாச்சி. டைட்டானியத்துல. சாப்பாட்டுத் தட்டு அளவு. ஒரு விரக்கட இடம் விட்டு எதிரும் புதிருமா நிக்கணும். முப்பதாயிரம் வோல்ட் குடுப்பேன். மேல ஒரு கீறல் இருந்தாலும் பொறி பறந்திரும்."

"எதுக்குத் தாயி? கரண்டாபீசுக்கா?"

"மூலக்கூறு பாக்கதுக்கு. ரேடியத்துல ஒரு அணு, புளோரின்ல ஒரு அணு. ரெண்டும் சேந்து அந்த இடைவெளிக்குள்ள வந்து நிக்கும்."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"ஒரு நொடி."

"போட்டோவுக்கு நிக்க மாப்ள பொண்ணு மாதிரி" என்றான் சுடலைமணி. நயினாரிடம் பதினெட்டு வருடமாக வெல்டிங் பார்ப்பவன். கேட்காத இடத்தில் பேசுவதுதான் அவனிடம் உள்ள ஒரே குறை, வெல்டிங்கில் குறை கிடையாது.

நயினார் அவனை முறைத்துவிட்டுக் கேட்டார். "அத நிக்க வச்சு என்ன பாக்கப் போறிய?"

முத்துசெல்வி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஆதியில பொருளும் எதிர்ப்பொருளும் சரிசமமா இருந்துச்சாம் அண்ணாச்சி. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தொட்டா ரெண்டுமே காலி. அப்படிப் பாத்தா இன்னிக்கு ஒண்ணுமே மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனா பாருங்க, தென்காசி இருக்கு. இலஞ்சி இருக்கு. நீங்க இருக்கிய."

"இவன்கூட இருக்கான்" என்றார் நயினார், சுடலைமணியைப் பார்த்து.

"அப்ப எங்கனயோ ஓரவஞ்சனை நடந்திருக்கு. பந்தியில ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒரு கரண்டி கூட விழுந்திருக்கு. எங்கனன்னு யாருக்கும் தெரியல. ரேடியத்தோட கரு இருக்குல்லா, அது உருண்டையா இருக்காது. பேரிக்கா மாதிரி ஒரு பக்கம் பருத்திருக்கும். அந்த வஞ்சனை எம்புட்டுச் சின்னதா இருந்தாலும் அதுக்குள்ள பெருசாத் தெரியும். அதுக்குத்தான் இந்த மெசினு."

"கண்டுபிடிச்சு?"

"எழுதி வைக்கணும்."

நயினாருக்கு இது நியாயமாகப் பட்டது. தன் தமையன் கல்யாணத்தில், வரிசையில் தன் இலைக்கு மட்டும் பாயசம் வராமல் போனது ஏன் என்று அவர் முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒருவரும் பதில் சொன்னதில்லை. இப்போது விசாரிக்க ஓர் இயந்திரமே வருகிறது. தட்டு செய்து கொடுக்காமல் இருக்க முடியுமா?

ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள். ரேடியம் வெளிநாட்டிலிருந்து ஈயப்பெட்டியில் வரும். ஒரு தடவைதான் வரும். அது இருந்து தங்குகிற சாமான் அல்ல; பதினைந்து நாளில் பாதி அழிந்துவிடும், அடுத்த பதினைந்தில் மிச்சத்தில் பாதி. பெட்டி வந்து இறங்குகிற அன்று இயந்திரம் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் கழற்றி வடக்கே வேறு ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று மேலிடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"அங்கன தட்டு?" என்றார் நயினார்.

"அங்கன வேற பட்டறை இருக்கும். அவுக வேற தட்டு செய்வாக."

நயினார் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டார். மறுநாளே ஆரம்பித்துவிட்டார்.

மூன்று மாதம். கடைந்தார், தேய்த்தார், அதைவிட மெல்லிய பொடி வாங்கி மறுபடி தேய்த்தார். கடைசி வாரத்தில் பொடியே இல்லாமல், மனதில் நினைத்துக்கொண்டே தேய்த்தார். இலஞ்சி ரோட்டில் பறந்துகொண்டிருந்த ஈ ஒன்று பட்டறைக்குள் வந்து தட்டில் உட்கார்ந்து, வழுக்கி விழுந்து, இடது பின்னங்காலை நொண்டிக்கொண்டு போனதைச் சுடலைமணி தன் கண்ணால் பார்த்தான். அதன் பிறகு அந்தத் தெருவில் ஈத்தொல்லை குறைந்துவிட்டது.

முத்துசெல்வி ஒரு பெட்டி நிறைய ரப்பர் கையுறை கொடுத்திருந்தாள். "வெறுங்கையால தொடவே கூடாது அண்ணாச்சி. ஒரு விரல் ரேகையில இருக்க எண்ணெய் போதும், உள்ள வெற்றிடம் வராது. காத்து இருந்தா மூலக்கூறு முட்டி மோதிச் செத்துப் போகும்."

நயினார் கையுறையோடுதான் எல்லாம் செய்தார். கையுறையோடு சாப்பிட்டார் என்றுகூடச் சொல்லலாம், ஒரு தடவை. அவர்மேல் தப்பே சொல்ல முடியாது, கடைசி நாள் வரைக்கும்.

கடைசி நாள் அவர் குருவம்மாளைக் கூட்டிவந்தார்.

குருவம்மாளின் கைராசி தென்காசி வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. வடகரையில் ஒரு தோப்பில் ஐந்து இடத்தில் போர் போட்டுத் தூசிதான் வந்தது. ஆறாவது இடத்தில் குருவம்மாள் முதல் கடப்பாரை போட்டாள். தண்ணீர் வந்தது மட்டும் அல்ல, மற்ற ஐந்து குழியிலும் சேர்ந்து வந்தது. அவள் கையால் முதல் போணியான ஜவுளிக்கடை இன்று மூன்று மாடி. அவள் கையால் நாடா வெட்டிய ஒரு கிளினிக்கில் மட்டும் வியாபாரம் இல்லை. அந்தத் தெருவில் ஒருவருக்கும் சீக்கு வரவில்லை.

தட்டை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் அவள் கை படவேண்டும். இலஞ்சி ரோட்டில் எந்தப் பட்டறையிலும் பெரிய வேலை அப்படிப் படாமல் வெளியே போனதில்லை. நயினார் பயபக்தியோடு ஒரு ஜோடி கையுறையை நீட்டினார்.

குருவம்மாள் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "இது என்னது கொழுந்தனாரே?"

"கையில போட்டுக்கிடணும் மதினி."

"உறை போட்டா ராசி எப்படி இறங்கும்? ரப்பருக்குத்தான் ராசி வரும். அப்ப ரப்பர் தட்டு செய்யும்."

நயினார் யோசித்தார். அவள் சொன்னதிலும் ஒரு விஞ்ஞானம் இருந்தது. ரப்பருக்குள் முப்பதாயிரம் வோல்ட்டே இறங்காது என்று முத்துசெல்வியே சொல்லியிருக்கிறாள்.

"சும்மா லேசாத் தொட்டுட்டு விட்டிருங்க மதினி."

"அரைகுறையாத் தொட்டா அரைகுறையாத்தான் விளங்கும்" என்று சொல்லிவிட்டுக் குருவம்மாள் ஐந்து விரலையும் விரித்து, ஒரு தட்டின் நடுமத்தியில் வைத்து, மனதுக்குள் பத்து எண்ணும் வரை அழுத்தினாள்.

ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. குருவம்மாளின் தொழில் எண்ணெய்ச் செக்கு. இருபத்திரண்டு வருடமாக எள்ளில் கை வைத்தவள்.

அவள் போனதும் நயினார் தட்டைத் தன் தோள் துண்டால் துடைத்தார். ஐந்து விரலும் மங்கிப் பரவி இன்னும் பெரிதாயிற்று. பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாதது இல்லாததுதானே என்று எடுத்து வைத்துக் கட்டிவிட்டார்.

இரண்டு தட்டையும் உள்ளே வைத்து இயந்திரத்தை மூடி, பம்பை ஓடவிட்டார்கள். முதல் நாள் காற்று சரசரவென்று இறங்கியது. ஊரில் உள்ள கட்டடங்களைப் பார்வையிட வந்த ஓர் அதிகாரி, உள்ளே என்ன இருக்கிறது என்று விசாரித்தார். ஒன்றுமே இல்லை, இருக்கவும் கூடாது என்று நான்கு பேர் சாட்சி சொன்னார்கள். அவர் காலி மனை என்று குறித்துக்கொண்டு போனார்.

இரண்டாம் நாள் இறங்குவது நின்றுவிட்டது. காற்றழுத்தம் காட்டும் முள் ஓர் இடத்தில் வந்து படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

உள்ளே மிச்சம் மீதி என்ன மிதக்கிறது என்று எடைபோட்டுச் சொல்வதற்கு ஒரு கருவி உண்டு. முத்துசெல்வி அதை ஓட்டினாள். திரையில் கோடு கோடாக எழும்பியது. பார்த்துக்கொண்டே வந்தவளின் முகம் சுருங்கியது.

"எண்ணெய்" என்றாள்.

எல்லோரும் சுடலைமணியைப் பார்த்தார்கள். தினமும் காலையில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டுத்தான் அவன் வேலைக்கே வருவான்.

"என்னப் பாக்காதிய. நான் உறை இல்லாம ஒரு நட்டைக்கூடத் தொடல" என்றான் சுடலைமணி.

"பெறகு எண்ணெய் பறந்து வந்துச்சா?" என்றாள் முத்துசெல்வி. "இன்னும் மூணு நாள்ல ரேடியம் வருது. சூடு பண்ணி எண்ணெயை ஓட்டணும்னா பன்னெண்டு நாள் வேணும். எல்லாம் போச்சு. நீங்க நாளையில இருந்து இங்கன வர வேண்டாம் அண்ணே."

சுடலைமணி உறையைக் கழற்றி மேசையில் வைத்தான். நயினார் சுவரில் இருந்த பழைய அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். 'அறைக்குள் சமைக்கக் கூடாது' என்று இருந்தது. அதை ஆறு தடவை படித்தார்.

முத்துசெல்வி திரையை மறுபடி பார்த்தாள். "இருங்க. இது மசாஜ் எண்ணெய் இல்ல. நல்லெண்ணெய். செக்குல ஆட்டினது." இன்னும் குனிந்து பார்த்தாள். "கருப்பட்டி போட்டு ஆட்டியிருக்காவ."

எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுவது எல்லாச் செக்கிலும் உள்ளதுதான். ஆனால் இப்போது வெல்லப்பாகை ஊற்றிச் சமாளித்துவிடுகிறார்கள். தென்காசியில் நிஜக் கருப்பட்டி போடுகிற செக்கு ஒன்றே ஒன்றுதான்.

"உடன்குடிக் கருப்பட்டி" என்றாள் முத்துசெல்வி, கடைசிக் கோட்டைத் தொட்டு.

நயினார் ஏழாவது தடவை படிப்பதை நிறுத்தினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி சுடலைமணியோடு போய்விடும். தட்டு வடக்கே போகாது, குப்பைக்குப் போகும். ஆனால் பெயர் கெடாது. அப்படித்தான் இருந்துவிடலாம் என்று ஒரு மூச்சு நேரம் நினைத்தார். பதினெட்டு வருடமாக எதிரே நின்றவன் இப்போது தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"ஏலே, நில்லு" என்றார். "தாயி, அவன் இல்ல. நாந்தான். குருவம்மா மதினி கையை நாந்தான் வைக்கச் சொன்னேன்."

முத்துசெல்வி திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள். "எதுக்கு?"

"ராசிக்கு."

"உறை?"

"உறைக்குள்ள ராசி இறங்காதுல்லா."

முத்துசெல்வி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். தன் கையில் கையுறை இருப்பதைக்கூட மறந்துவிட்டாள்.

செய்தி குருவம்மாளுக்குப் போயிற்று. அவளே ஆட்டோ பிடித்து வந்தாள். வந்தவள் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆச்சரியப்பட்டாள்.

"குத்தாலத்துல உக்காந்துக்கிட்டு எண்ணெய் போகலைன்னு அழுதியளே, ஏட்டி! இங்கன வாற ஆம்பளை அம்புட்டு பேரும் எண்ணெய்ச் சட்டியில விழுந்த மாதிரித்தான் வாரான். அருவிக்குள்ள போறான், வெள்ளைத் துணியாட்டம் வெளிய வாரான். சோப்பு உண்டா? சீயக்கா உண்டா? சோப்புக் கொண்டு போனா போலீஸ்காரன் பிடுங்கிப்புடுவான். பெறகு எது எடுக்கு எண்ணெயை?"

முத்துசெல்வி ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். வேறு வழி இல்லை.

விரல் பட்ட தட்டைக் கழற்றி, கட்டி, பேரருவிக்குக் கொண்டுபோனார்கள். ஆடி மாதம், அன்று கூட்டம் பாலம் வரை நின்றது. அருவிக்கரையில் செல்லச்சாமி என்ற போலீஸ்காரர் விசிலோடு நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

"என்னது இது?"

"குளிக்கணும்" என்றார் நயினார்.

"யாரு?"

"தட்டு."

செல்லச்சாமி நிறையப் பார்த்தவர். நாயைக் குளிப்பாட்ட வந்தவர்களைப் பார்த்திருக்கிறார், ஸ்கூட்டரைக் குளிப்பாட்ட வந்தவரைப் பார்த்திருக்கிறார். அவருக்கு ஒரே சந்தேகம்தான். "ஆம்பளைய பக்கமா, பொம்பளைய பக்கமா? எண்ணெய் தேச்சது யாரு?"

"நான்" என்றாள் குருவம்மாள்.

"அப்ப பொம்பளைய பக்கம்."

"செஞ்சது நானுல்லா" என்றார் நயினார். "பெத்தவன்கூடப் போகாம தேச்சவகூடயா போகும்?"

செல்லச்சாமி சட்டத்தை மனதில் புரட்டிப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். நயினார் தட்டைக் கயிற்றால் நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஆண்கள் பக்கம் இறங்கினார்.

அருவி முதலில் சுண்டுவிரலை எடுத்தது. அடுத்து மோதிர விரல். நடுவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தே போயின. கரையிலிருந்து கைவிளக்கின் ஒளியைத் தட்டில் பாய்ச்சி முத்துசெல்வி சைகை காட்டிக்கொண்டிருந்தாள். பெருவிரல் மட்டும் போகவில்லை. குருவம்மாள் எண்ணெயின் பதம் பார்ப்பது அந்த விரலால்தான். அதில் இருபத்திரண்டு வருடம் ஊறியிருந்தது.

"நடுவுல போங்க அண்ணாச்சி, நடுவுல!" என்று சுடலைமணி கத்தினான்.

நடுவில் தண்ணீர் ஆளைத் தள்ளும் இடம். நயினார் போனார். முதுகில் விழுந்த அடியில் அவர் இடுப்பு வலி போயிற்று, தலையில் இருந்த மிச்ச முடி போயிற்று, ஒரு முழங்கால் தரையில் பட்டது. தட்டை விடவில்லை. விட்டால் பாறையில் பட்டுக் கீறும், கீறினால் பொறி பறக்கும், பறந்தால் எல்லாம் வடக்கே போகும். இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். கையுறை போட்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெருவிரல் போகும்போது ஒரு சத்தம் கேட்டது. பழையகுற்றாலம் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். அது கொஞ்சம் அதிகப்படி. ஐந்தருவி வரை கேட்டது.

எண்ணெய் போயிற்று, இப்போது தட்டில் ஈரம். ஈரமும் வெற்றிடத்துக்கு ஆகாது. அதற்கு யாரும் யோசிக்கவே இல்லை. நேரே தென்காசிக் கோவிலுக்கு வண்டியை விட்டார்கள். கோபுர வாசலில் நுழைந்தால் பாதி தூரம் காற்று எதிரே வந்து மார்பில் தள்ளும், மீதி தூரம் பின்னால் வந்து முதுகில் தள்ளும். நயினார் தட்டை ஏந்திக்கொண்டு நிதானமாக நடந்தார். முதல் பாதியில் தட்டின் முன்பக்கம் காய்ந்தது. மறுபாதியில் பின்பக்கம் காய்ந்தது. சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

தட்டை மாட்டிப் பம்பைப் போட்டதும் முள் இறங்கியது. இறங்கி, கருவியில் எழுதியிருந்த எண்ணெல்லாம் தீர்ந்து, அடியில் இருந்த கம்பெனிப் பெயரைத் தாண்டி நின்றது. சந்திர மண்டலத்தில்கூட இவ்வளவு காலி கிடையாது என்றாள் முத்துசெல்வி. சொன்னபடி மூன்றாம் நாள் ஈயப்பெட்டி வந்து இறங்கியது.

பதினான்கு நாள் ஓட்டினார்கள். ரேடியமும் புளோரினும் சேர்ந்து, லேசர் வெளிச்சத்தில் குளிர்ந்து அடங்கி, தட்டுக்கு நடுவே ஒவ்வொன்றாக வந்து ஒரு நொடி நின்றன, போயின. ஒரு பொறிகூடப் பறக்கவில்லை. பதினான்காம் நாள் முத்துசெல்வி ஒரு காகிதத்தை எடுத்துவந்து நயினாரிடம் காட்டினாள். நேராக ஓட வேண்டிய கோடு, மயிரிழை அளவுக்குச் சாய்ந்திருந்தது.

"ஓரவஞ்சனை இருக்கு அண்ணாச்சி."

"எந்தப் பக்கம்?"

"நம்ம பக்கந்தான்."

நயினார் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நமக்கா கூட விழுந்திருக்கு?"

"அதனாலதான் இருக்கோம்."

"அப்ப வாயைத் தொறக்காம இருந்துக்கிடுவோம். திருப்பிக் கேட்டுறப் போறாவ" என்றான் சுடலைமணி. இந்தத் தடவை அவனை யாரும் முறைக்கவில்லை.

இயந்திரத்தைக் கழற்ற வேண்டாம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. நயினாரின் தட்டு இன்னும் குற்றாலத்திலேயே, உள்ளே, ஒரு விரல் ரேகையும் இல்லாமல் நிற்கிறது.

அந்த வருடம் சாரல் மழையே இறங்கவில்லை. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் குற்றாலத்துப் பேரருவியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை.